முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால்: முதல் மூன்று மாதம்

என் அம்மாவுக்கு வலது முட்டியை ஒரு ஆடி மாதத்திலும், இடது முட்டியை இரண்டு வருடம் கழித்து இன்னொரு ஆடியிலும் மாற்றினோம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு. ஆபரேஷன் நடந்தது கோயம்புத்தூரில். முதல் தடவை டாக்டர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தபின் நாங்கள்தான் கெடுத்தோம். வலிக்கிறது என்றதும் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தோம். எழுந்தால் "நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க, படுங்க" என்று பிடித்துப் படுக்கவைத்தோம். பத்து நாள் இப்படி ராஜோபசாரம் செய்ததில் காலை முழுதாக நீட்ட முடியாமல் போய்விட்டது. அதைச் சரி பண்ண நாலு மாதம் அம்மா பட்ட பாட்டைப் பார்த்தபின், இரண்டாவது முட்டிக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேர வேலை. முட்டி எவ்வளவு மடங்கும், எவ்வளவு நீளும் என்பது பெரும்பாலும் அடுத்த ஆறு வாரத்தில் உங்கள் வீட்டுக் கட்டிலில் முடிவாகிறது. உள்ளே ஆறும் சதை இறுகுவதற்கு முன்னால் முட்டியை அசைத்துப் பழக்கிவிட வேண்டும். பாசத்தால் படுக்கவைத்தால் அந்த நாட்கள் போய்விடும், திரும்பி வராது. உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ நான் எழுதியதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னபடி செய்யுங்கள். அவர்கள் அந்த முட்டியை நேரில் பார்த்தவர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே வீட்டைப் பாருங்கள்

தேதி குறிக்கும்போதே யோசியுங்கள். ஆடியில் கல்யாணம், சீர் எதுவும் இருக்காது, போகாவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நாங்கள் ஆடியைப் பிடித்தோம். தை, ஆவணி மாதிரி முகூர்த்த மாதத்தில் வைத்தால் வீட்டில் ஆள் நிற்காது. முதல் இரண்டு வாரம் ஒரு ஆள் கூடவே இருந்தாக வேண்டும்.

முதலில் கட்டில். கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம், உட்கார்ந்தால் குழியும், எழ முடியாது. மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். உட்கார்ந்து பார்க்கும்போது பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், இடுப்பைவிட முட்டி கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். நாற்காலிக்கும் இதே கணக்குதான். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கனமான மரநாற்காலி எடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி, கைப்பிடியை அழுத்தி எழும்போது பின்னால் நகர்ந்துவிடும்.

அடுத்து தரை. ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) விரித்திருக்கும் பவானி ஜமுக்காளம், வாசலில் போட்ட சாக்கு, டிவி ஒயர், பேரப்பிள்ளைகளின் பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாக்கரின் கால் ஜமுக்காள ஓரத்தில் மாட்டினால் ஆள் முன்னால் விழும். பழைய வீடுகளில் நிலைப்படி உயரமாக இருக்கும், அதைத் தாண்டத் தேவையில்லாத அறையாகப் பார்த்துக் கட்டிலைப் போடுங்கள். வாக்கர் ஏறக்குறைய இரண்டடி அகலம் இருக்கும். பழைய பாத்ரூம் கதவும் பல வீடுகளில் அதே இரண்டடிதான். டேப் வைத்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் வாக்கர் உள்ளே நுழையவில்லை என்பது வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரிதான் தெரிந்தது.

பாத்ரூம்தான் பெரிய சங்கடம். தோட்டத்து வீடுகளில் அது பொடக்காணியில் (வீட்டுக்கு வெளியே குளிக்கும் இடத்தில்), வாசலைத் தாண்டி இருக்கும், அதுவும் கீழே உட்காரும் இந்திய டாய்லெட். மாற்று முட்டியோடு அதில் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் கட்ட வசதி இருந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் ஓட்டை வைத்த கமோடு சேர் வாங்கி இந்திய டாய்லெட்டுக்கு மேலே போடலாம். ராத்திரிக்கு மட்டும் அதையே வாளியோடு கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு முதலில் கூச்சம். "ஊட்டுக்குள்ளாறயா சாமி?" என்று கேட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஈர வாசலில் வாக்கரோடு நடக்கிற பயத்தைவிட இது மேல் என்று மூன்றாம் நாள் அவரே சொல்லிவிட்டார். சுவரில் பிடித்து எழக் கம்பி அடிப்பதானால் திருகு ஆழமாக இறங்கும் உறுதியான கம்பி வேண்டும், துண்டு போடும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது. குளிக்க உயரமான நாற்காலி போட்டு, வாளியையும் இன்னொரு ஸ்டூல் மேல் வையுங்கள், குனிய வேண்டியிருக்காது.

சேலை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கொசுவம் வாக்கர் காலில் சிக்கும். முதல் மாதம் நைட்டியே நல்லது, ஒத்துக்கொள்ளாதவர்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டட்டும். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னால் வார் வைத்த, அடி வழுக்காத செருப்பு போதும்.

ஊருக்குத் திரும்பும் பயணம்

காரில் முன்சீட்டை முடிந்த அளவு பின்னுக்குத் தள்ளி, சாய்வையும் கொஞ்சம் இறக்குங்கள். சீட்டின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்துவிடுங்கள். முதுகைக் காட்டியபடி சீட்டில் உட்காரவைத்து, ஆபரேஷன் காலை நீட்டியபடியே உடம்பை உள்பக்கமாகத் திருப்பினால் கவரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உட்கார்ந்த பிறகு கவரை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது உடம்பு முன்னால் சரியும். வழியில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சற்று நிற்கவைக்க வேண்டும். நாங்கள் அவிநாசியில் நிறுத்தினோம். மற்ற நேரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

புறப்படும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியோடு, உள்ளே வைத்த இம்ப்ளான்டின் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். அதில் கம்பெனி, அளவு, பேட்ச் எண் இருக்கும். பல வருடம் கழித்து அந்த முட்டியில் திரும்ப வேலை பார்க்க வேண்டி வந்தால் அது தேவைப்படும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டி இம்ப்ளான்டுகளுக்கு உச்ச விலை வைத்தபோது, பில்லிலும் இந்த விவரங்களைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதனால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்

ஒரு நோட்டு போடுங்கள். மாத்திரை, ஊசி, பயிற்சி, காய்ச்சல், சர்க்கரை எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். மகன், மருமகள், மகள் என்று ஆள் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில் ஒரே மாத்திரை இரண்டு தடவை போவதும், போகாமலே விட்டுவிடுவதும் சாதாரணமாக நடக்கும்.

வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போனபின் கொடுத்தால் பலிக்காது. சொன்ன நேரத்தில் கொடுங்கள். முடிந்தால் அந்த நேரம் பயிற்சிக்கு அரைமணி முன்னால் வருகிற மாதிரி டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் சொந்தமாக டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் கெடலாம்.

அந்த ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சிலருக்கு மாத்திரை, சிலருக்கு வயிற்றுத் தோலில் போடும் ஊசி. சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஐந்து வாரம் வரை எழுதுவார்கள். வலி குறைந்துவிட்டதே என்று இதை நிறுத்திவிடாதீர்கள், இது வலிக்கான மருந்தே கிடையாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

தையலோ பின்னோ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை கட்டு நனையக் கூடாது. மஞ்சள், வேப்பிலை, பச்சிலை, எண்ணெய் எதுவும் புண்ணுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. மஞ்சள் விளைகிற ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், எங்கள் வீட்டுக் கிடங்கிலேயே மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஆனால் உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்தால் மட்டும் விரட்டுவது மிகவும் கடினம், திரும்பத் திறக்க வேண்டிவரும்.

கால் முழுக்க, கணுக்கால் வரை கூட, கருநீலமாகக் கன்றிப்போய்த் தெரியும். பயப்பட வேண்டாம், அது கீழே இறங்கும் ரத்தம். ராத்திரித் தூக்கம் சில வாரம் சரியாக வராது. அதுவும் எல்லோருக்கும் நடப்பதுதான்.

பயிற்சி: இதை மட்டும் விடாதீர்கள்

படுத்திருக்கும்போது முட்டிக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், அதுதான் ஆபத்து. முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நின்று, தன் கனத்திலேயே மெல்ல நீளும். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்து, பதினைந்து என்று கூட்டலாம். வலிக்கும்தான். முதல் தடவை நாங்கள் தவறவிட்டது இந்த ஒன்றைத்தான்.

அதே நிலையில் தொடைச் சதையை இறுக்கி, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். பத்து தடவை. அப்புறம் குதிகாலைக் கட்டிலோடு இழுத்து முட்டியை மடக்குவது. விரிப்பு பிடித்து இழுக்கும், அதனால் குதிகாலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். எவ்வளவு தூரம் வருகிறதோ அங்கே நிறுத்தி ஐந்து எண்ணி, பிறகு இன்னும் ஒரு விரல்கடை இழுக்க வேண்டும். பிசியோ சொல்லிக் கொடுத்தபின் காலை நேராகத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னுக்குத் தள்ளுவது எல்லாம் சேரும். பாதத்தை ஆட்டுவது மட்டும் விழித்திருக்கும் நேரமெல்லாம், மணிக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். கெண்டைக்காலில் ரத்தம் தேங்காமல் இருக்க அது உதவும்.

இரண்டாவது முட்டிக்கு என் மகன்தான் எண்ணினான். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அமுச்சி, இன்னும் மூணு" என்பான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "போதுங்கண்ணு, உசுரு போகுது" என்பார். "இன்னும் ரெண்டு" என்பான். நானாக இருந்தால் விட்டிருப்பேன். எட்டு வயசுப் பையன் விடவில்லை. எண்ணுவதற்கு இரக்கம் காட்டாத ஒரு ஆளை வீட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்தால் முட்டி மடங்குவது 90 டிகிரி. இரண்டு வாரத்துக்குள் ஏறக்குறைய அதை எட்டப் பாருங்கள். மூன்று மாதத்தில் 110, 120 வந்தால் படி ஏற, தாழ்ந்த சீட்டிலிருந்து எழ எல்லாம் தாராளமாக முடியும். ஆறு வாரமாகியும் 90 வரவில்லை, அல்லது கால் நேராக நீளவில்லை என்றால் 'போகப் போகச் சரியாகும்' என்று வீட்டில் உட்காராமல் டாக்டரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து முட்டியை மடக்கிவிடும் முறை ஒன்று இருக்கிறது, சீக்கிரம் போனால்தான் அது நன்றாகப் பலன் தரும்.

பயிற்சி முடிந்ததும் ஐஸ், 15 முதல் 20 நிமிடம். கடையில் விற்கும் ஐஸ் பேக் தேவையில்லை. பால் கவரில் தண்ணீர் ஊற்றிக் கட்டி உறையவைத்து, ஒரு ஈரிழைத் துண்டில் சுற்றி வைத்தால் போதும். தோலில் நேராகப் படக் கூடாது.

வீட்டுக்கு வந்து சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் கிடைக்கவில்லை என்றால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு.

நடை

வாக்கர் முதலில், பிறகு ஆபரேஷன் கால், பிறகு நல்ல கால். ஒரே நடையாக அரைமணி நடப்பதைவிட, ஐந்து நிமிடமாக ஐந்தாறு தடவை நடப்பது மேல். களத்து வாசல் இருந்தால் அருமையான இடம், சிமென்ட் தளம், சமமாக இருக்கும். சாயங்காலம் வீக்கம் முந்தின நாளைவிடக் கூடினால் அன்று அதிகம் நடந்துவிட்டார்கள் என்று அர்த்தம், மறுநாள் குறையுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது தடியை ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் தப்பான பக்கம்தான் பிடிக்கிறார்கள்.

வரப்பு, வாய்க்கால் மேடு, கட்டுத்தரை ஈரம் எல்லாம் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அம்மா ஒரு மாதத்திலேயே மாட்டைப் பார்க்கணும் என்று கிளம்பினார். மாட்டை வாசலுக்குப் பிடித்துவந்து காட்டினோம்.

சாப்பாடும் ஒறம்பரையும்

பத்தியம் என்று முட்டை, தயிர், பருப்பைக் குறைப்பது தப்பு. புண் ஆறப் புரதம் வேண்டும். கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், முட்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, அரிசிம்பருப்புச் சோறு என்று நம் சமையலிலேயே எல்லாம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் குடிக்கலாம், அதனால்தான் மூட்டு வளர்கிறது என்று நம்ப வேண்டாம். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும். கீரை, பப்பாளி, நிறையத் தண்ணீர் கொடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ், பன், பழம் என்று கொண்டுவருவார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது. ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வருவதை நம் ஊரில் தடுக்க முடியாது, தடுப்பதும் முறையில்லை. நேரத்தை மட்டும் சொல்லிவிடுங்கள், சாயங்காலம் நாலு முதல் ஆறு என்று. கட்டில் மேல் உட்கார வேண்டாம், சளி காய்ச்சல் இருந்தால் பத்து நாள் கழித்து வாங்க என்று போனிலேயே சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பெரியம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "கெண்டைக்கால் வீங்கிக் கெடக்குது, கொஞ்சம் நீவி உடறேன் கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே ரத்தக்கட்டி இருந்து, நீவும்போது அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கெண்டைக்காலை யாரும் நீவக் கூடாது.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டாலே வலிப்பது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது. புண்ணில் சீழ், கசிவு, பரவும் சிவப்பு. குறைந்துவந்த வலி திடீரென்று ஏறுவது. விழுந்துவிட்டால், அடி ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும். இதில் எதற்கும் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள், ஆபரேஷன் செய்தவரிடமே பேசுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108.

ஆறு வாரத்துக்குப் பிறகு

முட்டி மூன்று முதல் ஆறு மாதம் வரை லேசாக வீங்கியிருக்கும், தொட்டால் சூடாகவும் இருக்கும். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு மரத்துப்போயிருக்கும், சிலருக்கு அது அப்படியே நின்றுவிடும். நடக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். இவை எதுவும் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை.

சம்மணம் போடுவது, குத்தவைப்பது இனி வேண்டாம். கல்யாண மண்டபத்தில் மேஜைப் பந்திக்குப் போகலாம், கோவிலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கலாம். பழனியில் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. சென்னிமலை, சிவன்மலைக்கு மேலே வரை வண்டி போகும். முதல் வருடம் படியேறியே தீர வேண்டும் என்ற வேண்டுதலை மட்டும் தள்ளிவையுங்கள்.

எந்தச் சின்னப் புண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள். சொத்தைப்பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஏறிய முள் எல்லாவற்றிலிருந்தும் கிருமி ரத்தத்தில் ஏறி முட்டிக்கு வரலாம். பல் டாக்டரிடம் போனால் முட்டி மாற்றியதைச் சொல்லுங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தை அம்மா இதற்காகவே விட்டார். வலி இல்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தேதிகளில் போய்க் காட்டி, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

வாக்கர் தேவைப்படாமல் போனதும் ஊருக்குள் யாராவது கேட்பார்கள். எங்களுடையது இதுவரை மூன்று வீடு போய் வந்திருக்கிறது. கொடுக்கும் முன் நாலு காலிலும் ரப்பர் புஷ்ஷைப் புதிதாக மாற்றிவிடுங்கள், தேய்ந்த புஷ் டைல்ஸில் வழுக்கும். வாங்குகிறவரை நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வருகிற மாதிரி நாலு காலின் பட்டனையும் ஒரே துளையில் மாட்டிக் கொடுங்கள்.